சான்றிதழுக்குப் பின்னால் இருக்கும் சாதனங்கள்: நெட்வொர்க் பொறியாளருக்கான தகவல் பாதுகாப்பு இணக்கம்

ஐடி நிறுவனங்களில் 'கம்ப்ளையன்ஸ்', அதாவது இணக்கம், என்ற சொல் தளர்வாகப் புழங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையாளர் வரும்போது எக்செல் தாள்களை நிரப்பித் தரும் தொந்தரவு என்று பொறியாளர்கள் பலர் அதைக் கருதுகிறார்கள். வரவேற்பறைச் சுவரில் சான்றிதழ் தொங்கும்வரை நிறுவனத்தின் தரவு பத்திரமாக இருக்கிறது என்று மேலாளர்கள் சிலர் நம்புகிறார்கள். இரு தரப்பினரும் தவறாகப் புரிந்துகொள்ளக் காரணம் ஒன்றே: இணக்கம் எதற்கு உறுதி தருகிறது, எதற்குத் தருவதில்லை என்பதை யாரும் அவர்களுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னதில்லை. கணினிகளையும் நெட்வொர்க்குகளையும் இணைக்கும் ரூட்டர், ஸ்விட்ச், அவற்றினூடே போகும் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் ஆகியவற்றோடு பணிபுரியும் ஒருவர் இதைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை, முன்னறிவு எதையும் எதிர்பார்க்காமல், இக்கட்டுரை விளக்குகிறது.

முத்திரையிட்ட தராசு

மளிகைக் கடைத் தராசில் ஒரு முத்திரை இருப்பதைப் பார்த்திருப்போம். தொழிலாளர் துறை ஆய்வாளர் அந்தத் தராசைத் தரப்படுத்தப்பட்ட எடைகளோடு ஒப்பிட்டுச் சோதித்து இட்ட முத்திரை அது. குறிப்பிட்ட கால இடைவெளியில் அதைப் புதுப்பித்தாக வேண்டும். கடைக்காரர் நேர்மையானவரா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அவர் தட்டின்மேல் விரலை வைத்து அழுத்தமாட்டார் என்ற உத்தரவாதமும் அதில் இல்லை. குறிப்பிட்ட ஒரு நாளில், கடைக்காரரைச் சாராத ஒருவர், முன்பே எழுதி வைக்கப்பட்ட ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்து, தராசு அதற்குப் பொருந்துகிறது என்று கண்டார் என்பதே அது தரும் செய்தி. செய்தி சிறியதுதான், ஆனாலும் முத்திரை இல்லாத தராசில் நிறுத்துத் தங்கம் வாங்க யாரும் முன்வர மாட்டார்கள்.

தகவல் பாதுகாப்பு இணக்கத்திலும் இதே மூன்று உறுப்புகள் உள்ளன: எழுதப்பட்ட ஒரு விதி, அதற்குப் பொருந்தும்படி அமைக்கப்பட்ட நடைமுறை, அந்தப் பொருத்தத்தை வெளியாள் ஒருவர் சரிபார்க்கும்படி காட்டக்கூடிய சான்று. பாதுகாப்பு என்பது தாக்குபவரைத் தடுக்கும் வேலை. இணக்கம் என்பது, தடுப்பதற்காகச் செய்வதாக ஒப்புக்கொண்டவற்றை உண்மையிலேயே செய்துவந்தோம் என்று நிறுவும் வேலை. விதியைக் காப்பதற்காக நாம் அமைக்கும் ஏற்பாட்டுக்குக் 'கட்டுப்பாடு' என்று பெயர். ஃபயர்வாலும் ஒரு கட்டுப்பாடுதான், பணியிலிருந்து விலகியவரின் கணக்கை அன்றே முடக்க வேண்டும் என்ற நடைமுறையும் ஒரு கட்டுப்பாடுதான்.

விதிகள் எங்கிருந்து வருகின்றன?

எல்லா விதிகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. சில சட்டத்திலிருந்தும், சில ஒப்பந்தத்திலிருந்தும், சில நிறுவனம் தானாக ஏற்கும் தரநிலையிலிருந்தும் வருகின்றன. மீறினால் யார் கேள்வி கேட்பார்கள் என்பது இதைப் பொறுத்தே மாறுவதால், இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

இந்தியாவில் பணிபுரியும் நெட்வொர்க் பொறியாளரை நேரடியாகத் தொடும் சட்டவழி விதி, கணினி அவசரநிலைகளைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு. பட்டியலிடப்பட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவம் எதுவும் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் லாக்குகளை, அதாவது நடந்தவற்றைத் தானாகக் குறித்துவைக்கும் பதிவுகளை, எப்போதும் கடந்த 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். எல்லா அமைப்புகளின் கடிகாரங்களும் தேசியத் தகவல் மையத்தின் நேரச் சேவையகத்தோடோ தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகத்தோடோ, அவற்றுக்கு இணங்கிய வேறொரு சேவையகத்தோடோ ஒத்திசைந்திருக்க வேண்டும். ரூட்டர் போன்ற சாதனங்கள் மீதான தாக்குதல் அந்தப் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. இதைத் தவிர, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

ஒப்பந்தவழி விதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பணம் செலுத்தும் அட்டைத் துறையின் தரவுப் பாதுகாப்புத் தரநிலையான பிசிஐ டிஎஸ்எஸ். விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜேசிபி ஆகிய ஐந்து அட்டை நிறுவனங்கள் 2006இல் ஏற்படுத்திய அமைப்பு இதைப் பராமரிக்கிறது. இது சட்டம் அன்று. ஆயினும் கடன் அட்டை, பற்று அட்டை விவரங்களைக் கையாளும் நிறுவனம் வங்கியோடு செய்யும் ஒப்பந்தத்தின் வழியாக இதன் 12 முதன்மைத் தேவைகளுக்கும் கட்டுப்படுகிறது. அவற்றில் முதலாவது தேவையே நெட்வொர்க் பாதுகாப்பைப் பற்றியது.

மூன்றாவது வகையில் பெரிதும் அறியப்பட்டது, தகவல் பாதுகாப்பு மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001. இதன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகள் உள்ளன. முந்தைய பதிப்பில் அவை 114 ஆக இருந்தன. 93இல் எவை தனக்குப் பொருந்தும், எவை பொருந்தா, ஏன் என்பதை நிறுவனமே எழுதித் தர வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அந்த ஆவணம் இருந்தால், தணிக்கை வரும்வரை காத்திராமல் இன்றே கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். உங்கள் பெயரில் என்னென்ன வாக்குறுதிகள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுள்ளன என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.

சுருக்கமாக: விதி எங்கிருந்து வந்தாலும் பொறியாளரின் மேசைக்கு வரும்போது அது ஒரு கட்டுப்பாடாகவும் அதற்கான சான்றாகவும் மாற வேண்டும். அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை இனிப் பார்க்கலாம்.

ஒரு வரி விதி, ஒரு முழுநாள் வேலை

ஐஎஸ்ஓ 27001இன் 8.17ஆம் கட்டுப்பாடு, அமைப்புகளின் கடிகாரங்கள் ஏற்கப்பட்ட நேர மூலங்களோடு ஒத்திசைந்திருக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. செர்ட்-இன் உத்தரவும் பிசிஐ டிஎஸ்எஸ்ஸும் இதையே கேட்கின்றன. மூன்று வெவ்வேறு இடங்களில் பிறந்த விதிகள் கடிகாரத்தில் வந்து ஒன்றுசேர்வதற்குக் காரணம் உண்டு. ஊடுருவல் நடந்த பிறகு, தாக்கியவர் முதலில் வெளியிலிருந்து இணைவதற்கான விபிஎன் என்ற மறைகுறியாக்கப்பட்ட வழியாக நுழைந்தாரா, அல்லது உள்ளே இருந்த கணினி ஒன்றிலிருந்து வெளியே இணைப்பு போனதா என்பதைக் கண்டறிய, ஃபயர்வாலின் லாக்கையும் சேவையகத்தின் லாக்கையும் ஸ்விட்சின் லாக்கையும் நேர வரிசையில் அடுக்க வேண்டும். ஒரு சாதனம் நான்கு நிமிடம் பிந்தி ஓடினால் விளைவு காரணத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ஒன்று இந்திய நேரத்திலும் மற்றொன்று உலகப் பொது நேரத்திலும் எழுதினால், ஐந்தரை மணி நேர வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதிலேயே 6 மணி நேர அவகாசத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும்.

பொறியாளர் இந்த ஒரு வரியை என்ன செய்கிறார்? வெளி மூலத்திலிருந்து நேரம் பெறும் இரண்டு உள் நேரச் சேவையகங்களை அமைத்து, மற்ற எல்லாச் சாதனங்களையும் அவற்றையே பார்க்கும்படி செய்கிறார். கணினிகளுக்கிடையே நேரத்தைப் பரிமாறும் என்டிபி என்ற நெறிமுறையைச் சாதனங்களில் இயக்குகிறார். எல்லாச் சாதனங்களும் ஒரே நேர மண்டலத்தில் எழுதுமாறு செய்கிறார். அதோடு கட்டுப்பாடு முடிந்தது, இணக்கம் முடியவில்லை. எந்தெந்தச் சாதனங்கள் இருக்கின்றன என்ற முழுப் பட்டியல், அவை ஒவ்வொன்றும் ஒத்திசைந்துள்ளன என்பதைத் தேதியோடு காட்டும் வெளியீடு, ஒத்திசைவு அறுந்தால் யாருக்கு எச்சரிக்கை போகும் என்ற குறிப்பு ஆகியவை சேர்ந்தால்தான் அது சான்றாகிறது. (இந்தியாவில் எடையின் தேசிய மூல அளவைப் பேணுவதும், இந்திய நேரத்தைப் பேணுவதும் புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமே.)

லாக் விதியும் இப்படித்தான். 180 நாட்கள் என்பது படிக்க எளிது. ஆனால் ரூட்டரின் நினைவகத்தில் தங்கும் லாக் சில நூறு வரிகளே கொள்ளும். சாதனத்தை மறுதொடக்கம் செய்தால் அதுவும் அழிந்துபோகும். எனவே லாக்குகளை மையச் சேவையகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு எவ்வளவு இடம் தேவை என்பது வெறும் கணக்கு: ஒரு ஃபயர்வால் நொடிக்கு 500 நிகழ்வுகளை எழுதுகிறது என்றும், ஒவ்வொன்றும் 500 பைட் என்றும் கொண்டால், நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட், 180 நாட்களுக்கு ஏறத்தாழ 3.9 டெராபைட். சுருக்கிச் சேமித்தால் இது வெகுவாகக் குறையும். அட்டை விவரங்களையும் கையாளும் நிறுவனமானால் பிசிஐ டிஎஸ்எஸ் 12 மாத லாக்குகளைக் கேட்கிறது. அவற்றில் கடைசி 3 மாதத்தவை உடனே எடுத்துப் பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும். இரண்டு விதிகளும் பொருந்தும் இடத்தில் நீண்ட காலக்கெடுவையே பின்பற்றுவது வழக்கம். வட்டு நிரம்பியதும் பழைய லாக்கைச் சத்தமின்றி அழித்துவிடும் இயல்பமைப்பு பல சேவையகங்களில் உண்டு. தணிக்கையில் பலர் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

ஃபயர்வால் விதிகளை மீளாய்வு செய்தல்

நெட்வொர்க் பொறியாளரின் இணக்கத் திறன் வெளிப்படையாகச் சோதிக்கப்படும் இடம் இது. ஃபயர்வால் முதலான நெட்வொர்க் பாதுகாப்புச் சாதனங்களின் அமைப்புகளை (கான்ஃபிகரேஷன்) ஆறு மாதங்களுக்கு ஒருமுறையாவது மீளாய்வு செய்ய வேண்டும் என்பது பிசிஐ டிஎஸ்எஸ்ஸின் தேவை. நடைமுறையில் ஒவ்வொரு ஃபயர்வாலிலும், வந்துபோன பொறியாளர்கள் விட்டுச்சென்ற, எந்தப் போக்குவரத்தை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று சொல்லும் நூற்றுக்கணக்கான விதிகள் குவிந்திருக்கும். 'தற்காலிகம்' என்று குறிப்பிடப்பட்ட விதி பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கும்; 'நீக்க வேண்டாம்' என்று எழுதப்பட்ட விதியை எழுதியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. எந்த முகவரியிலிருந்தும் எந்த முகவரிக்கும் எந்தப் போர்ட்டிலும் (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாயில்) போகலாம் என்று திறந்துவிட்ட விதி ஒன்று, ஏதோ ஓர் இரவில் பழுது நீக்குவதற்காகச் சேர்க்கப்பட்டு, மறக்கப்பட்டிருக்கும்.

மீளாய்வு என்பது இந்தப் பட்டியலை அச்சிட்டுக் கையெழுத்துப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு விதிக்கும் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: இதற்கு உரிமையாளர் யார், எந்தப் பணிக்காக இது தேவைப்படுகிறது, கடந்த சில மாதங்களில் இதன் வழியாகப் போக்குவரத்து ஏதேனும் நடந்ததா. மூன்றாவது கேள்விக்கு ஃபயர்வாலே விடை தந்துவிடும். விதி எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். எண்ணிக்கை சுழியம் என்பதாலேயே நீக்கிவிடவும் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கு முடிப்புப் பணிக்கோ, பேரிடர்க்கால மாற்றுத் தளத்துக்கோ அது உரியதாக இருக்கலாம். முதல் இரண்டு கேள்விகளுக்குச் சாதனத்தில் விடை இல்லை. பயன்பாட்டுக் குழுவினரிடம் போய் உட்கார்ந்து பேசித்தான் பெற வேண்டும். என் பார்வையில், இந்த வேலையில் கடினமான பகுதி தொழில்நுட்பம் அன்று, இந்தப் பேச்சுதான்.

தணிக்கையாளர் எல்லா விதிகளையும் பார்ப்பதில்லை. மாதிரிகள் சிலவற்றை எடுத்து இரு திசைகளிலும் சோதிக்கிறார். ஃபயர்வாலில் உள்ள ஒரு விதியைச் சுட்டி, இதைச் சேர்க்க அனுமதித்த டிக்கெட், அதாவது மாற்றத்துக்கான கோரிக்கையும் ஒப்புதலும் பதிவான சீட்டு, எங்கே என்று கேட்பார். பிறகு டிக்கெட் ஒன்றை எடுத்து, இதில் ஒப்புதல் பெற்ற மாற்றம் சாதனத்தில் அப்படியே இருக்கிறதா, அல்லது கூடுதலாக ஏதேனும் திறந்துவிடப்பட்டதா என்று பார்ப்பார். முதல் திசையில் தவறினால் அனுமதியில்லாத மாற்றம் நடக்கிறது என்று பொருள். இரண்டாவதில் தவறினால் ஒப்புதல் வெறும் சடங்காகிவிட்டது என்று பொருள். விதியின் குறிப்புப் பகுதியில் டிக்கெட் எண்ணை எழுதும் பழக்கம் ஒன்றே இந்தச் சோதனையின் பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

வரம்பும் வலைப்பிரிப்பும்

ஒரு விதி நிறுவனத்தின் எந்தெந்த அமைப்புகளுக்குப் பொருந்தும் என்ற எல்லைக்கு 'வரம்பு' என்று பெயர். அட்டை விவரங்கள் இருக்கும் சேவையகத்தோடு தடையின்றிப் பேசக்கூடிய எந்தக் கணினியும் பிசிஐ வரம்புக்குள் வந்துவிடும். நெட்வொர்க் முழுவதும் ஒரே பரப்பாக இருந்தால், வரவேற்பறைக் கணினி உட்பட எல்லாமே வரம்புக்குள் வரும். அதனால்தான் நெட்வொர்க்கைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளுக்கிடையே தேவையான போக்குவரத்தை மட்டும் அனுமதிக்கும் வலைப்பிரிப்பு, இணக்கச் செலவையும் குறைக்கிறது, ஆபத்தையும் குறைக்கிறது.

இங்கே பரவலான குழப்பம் ஒன்று உண்டு. ஒரே ஸ்விட்சில் இருக்கும் கணினிகளைத் தனித்தனிக் குழுக்களாக்கும் விலான் என்ற ஏற்பாட்டைச் செய்துவிட்டாலே வலைப்பிரிப்பு முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அந்த விலான்களுக்கிடையே ரூட்டர் எல்லாப் போக்குவரத்தையும் கடத்திக்கொண்டிருந்தால் அங்கே பிரிவு எதுவும் இல்லை. வெவ்வேறு எண்கள் மட்டுமே இருக்கின்றன. பிரிப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்பதை, ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குள் நுழைய முயன்று பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று பிசிஐ டிஎஸ்எஸ் கேட்கிறது. 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும், சேவை வழங்கும் நிறுவனங்களானால் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை.

அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான டார்கெட்டில் 2013இன் இறுதியில் நடந்தது இதற்குத் தெளிவான பாடம். குளிர்பதனப் பணிகளைச் செய்துவந்த வெளி ஒப்பந்ததாரர் ஒருவரின் நுழைவு விவரங்களைத் திருடிய தாக்குநர்கள், அதன் வழியாக டார்கெட்டின் நெட்வொர்க்குக்குள் நுழைந்து, அங்கிருந்து கடைகளின் பில்லிங் இயந்திரங்கள் வரை போனார்கள். சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் பறிபோயின. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் அட்டைத் துறைத் தரநிலைக்கு இணங்கியதாக நிறுவனம் சான்று பெற்றிருந்தது. ஒப்பந்ததாரர் நுழையும் பகுதியிலிருந்து பில்லிங் இயந்திரங்கள் இருக்கும் பகுதிக்குப் போக வழி இருந்தது என்பதே நெட்வொர்க் பொறியாளர் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

இருக்கிறது என்பதும் இயங்குகிறது என்பதும்

சான்று பெற்ற நிறுவனம் எப்படி வீழ்கிறது என்பதற்கு விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது. ஒரு கட்டுப்பாடு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி; அது காலம் முழுவதும் இயங்கியதா என்பது வேறொரு கேள்வி. வாடிக்கையாளருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்கள் பெறும் சாக் 2 அறிக்கையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வகைகளே உண்டு: முதல் வகை, குறிப்பிட்ட ஒரு நாளில் கட்டுப்பாடுகள் முறையாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்று சொல்லும், இரண்டாம் வகை, சில மாதங்கள் நீளும் ஒரு காலப்பகுதி முழுவதும் அவை இயங்கினவா என்று சொல்லும்.

ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தில் 2017இல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. இணையப் பயன்பாட்டு மென்பொருள் ஒன்றில் சரிசெய்யப்படாமல் விடப்பட்ட ஓட்டை வழியாகத் தாக்குநர்கள் நுழைந்தார்கள். மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்து ஆராயும் சாதனம் அந்த நிறுவனத்திடம் இருந்தது. ஆனால் அதில் இருந்த டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்காகியிருந்ததால், போக்குவரத்து ஆராயப்படாமலேயே கடந்துபோய்க்கொண்டிருந்தது. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்ததும் ஐயத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. சாதனம் இருந்தது, வாங்கிய ரசீது இருந்தது, வரைபடத்திலும் அது இடம்பெற்றிருக்கும், இயக்கம்தான் இல்லை. எனவே தன் பொறுப்பில் உள்ள சான்றிதழ்களின் முடிவுத் தேதிகளைப் பட்டியலிட்டு முன்கூட்டியே எச்சரிக்கை வரும்படி செய்வது, நெட்வொர்க் பொறியாளரின் அன்றாட இணக்கப் பணிகளில் ஒன்று.

இதுவரை பார்த்தவற்றின் சாரம் இது: விதியைக் கட்டுப்பாடாக்க வேண்டும், அதன் வரம்பை அறிய வேண்டும், அது ஒருநாள் மட்டுமன்றித் தொடர்ந்து இயங்குவதைச் சான்றாகப் பதிய வேண்டும்.

எதில் தொடங்கலாம்?

சான்றிதழ்த் தேர்வுகளுக்கான பயிற்சியில் சேர்வதற்கு முன் செய்யக்கூடியவை பல உள்ளன. விதியின் மூல வாசகத்தைப் படிக்கப் பழகுவது முதலாவது. ஐஎஸ்ஓ 27001 கட்டாயமாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறது; அதன் துணைத் தரநிலையான 27002 எப்படிச் செய்யலாம் என்ற வழிகாட்டுதலைத் தருகிறது. வழிகாட்டுதலைக் கட்டாயம் என்று எண்ணித் தேவையற்ற சாதனம் வாங்கியவர்களும் உண்டு. கட்டாயத்தை ஆலோசனை என்று எண்ணித் தவிர்த்தவர்களும் உண்டு.

நெட்வொர்க் வரைபடம் அடுத்தது. தணிக்கையாளர் முதலில் கேட்பதும், பெரும்பாலான அலுவலகங்களில் பழையதாகிக் கிடப்பதும் அதுவே. வரைபடத்தில் தேதியும் பொறுப்பாளர் பெயரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கான டிக்கெட்டும் வரைபடத்தைத் திருத்திய பிறகே மூடப்பட வேண்டும். எல்லாச் சாதனங்களின் அமைப்புகளையும் ஒவ்வோர் இரவும் தானாக நகலெடுத்து, முந்தைய நாளோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் சிறு நிரலை எழுதக் கற்றுக்கொண்டால், மாற்றங்களுக்கான சான்று தானாகவே சேர்ந்துகொண்டு போகும். தணிக்கைக்கு முந்தைய வாரத்தில் மட்டும் சான்று திரட்டும் வழக்கத்துக்கு அது முடிவு கட்டும்.

விதிவிலக்குகளை எழுதும் கலையையும் கற்க வேண்டும். தொழிற்சாலை ஒன்றில் இருக்கும் பழைய ஸ்விட்ச், கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட் முறையை மட்டுமே அறியும். அதை உடனே மாற்றப் பணம் இல்லை. இதை மறைத்துவைத்தால் தணிக்கையில் அது குறைபாடு. அதே நிலையை, ஆபத்து இன்னது, மாற்றும்வரை அந்த ஸ்விட்சைக் குறிப்பிட்ட ஒரு கணினியிலிருந்து மட்டும் அணுகும்படி கட்டுப்படுத்தியுள்ளோம், ஒப்புதல் அளித்தவர் இன்னார், இந்தத் தேதிக்குள் மாற்றப்படும் என்று எழுதிவைத்தால் அது நிர்வகிக்கப்பட்ட ஆபத்து. முடிவுத் தேதி இல்லாத விதிவிலக்கை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க விரும்பமாட்டார்.

தணிக்கை நாளில் நடந்துகொள்ளும் விதமும் திறனில் சேர்த்தியே. கேட்டதற்குச் சாதனத்திலிருந்தே விடையைக் காட்ட வேண்டும்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, யாரிடம் இருக்கிறது என்பதைக் கூற வேண்டும். நடக்காத மீளாய்வுக்கு முன்தேதியிட்டு ஆவணம் தயாரிப்பது பெரும் பிழை. கோப்பின் உருவாக்க நேரமும் டிக்கெட் முறைமையின் பதிவுகளும் அதை எளிதில் காட்டிக்கொடுத்துவிடும்; அதன்பின் உண்மையான சான்றுகளும் ஐயத்தோடு பார்க்கப்படும். ஒரு மீளாய்வு தவறியது தெரிந்தால் அது பெரும்பாலும் சிறு குறைபாடாகவே பதிவாகும். அதைத் திருத்தும் திட்டத்தைத் தந்தால் ஐஎஸ்ஓ சான்று தடைபடாது. பெருங்குறைபாடு என்றால் அதைச் சரிசெய்து காட்டும்வரை சான்று கிடைக்காது. ஐஎஸ்ஓ 27001 சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை நடக்கும்; சென்ற ஆண்டு எழுதித் தந்த திருத்தத் திட்டம் நிறைவேறியதா என்பதும் அப்போது சரிபார்க்கப்படும்.